சொன்னதை மட்டும்

வலது கன்னத்தை மழித்து முடித்து இடது கன்னத்தில் நுரை பூசிக்கொண்டிருந்தபோது டாக்டர் உள்ளே வந்துவிட்டார். பாதி முகம் வழவழவென்றும் பாதி முகம் வெள்ளையாகவும் படுத்திருந்த மெக்கானிக், வந்தவருக்கு ஒரு கையைத் தூக்கி மரியாதை செய்தார். அவர் மனைவி ரேசரைத் தண்ணீர் டம்ளரில் போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. மெக்கானிக்குக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் இவள். மருந்துக்கடை ஒன்றின் மாடியில் வாடகைக்கு ஹால் எடுத்து, வேலைக்குப் போகத் துடிக்கிறவர்களுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறவள். மாணவர்கள் மிஸ் என்று கூப்பிடுவார்கள். கேலிக்கு ஆரம்பித்து மெக்கானிக்கும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார். கல்யாணமான புதிதில் அதற்காக அவள் கோபித்துக்கொண்டதுண்டு. இப்போது அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் என்னவோ ஏதோ என்று பயம் வரும்.

இந்த டாக்டரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மற்றவர்கள் எல்லாம் அவளைப் பார்த்துப் பேசி, அவளிடமே பதிலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் மெக்கானிக்கின் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவார். அவள் தமிழில் சொல்லி முடிக்கிறவரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பதில் வந்து, அது இங்கிலீஷாக மாறி வரும்வரைக்கும் பார்வையை எடுக்க மாட்டார். இந்த மரியாதை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது, இன்று காலைவரைக்கும்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றபடியே பேசிவிட்டுப் போகிற டாக்டர் உட்கார்ந்தால் அது நல்ல செய்தியாக இருக்காது.

நுரையீரல் களைத்துவிட்டது, மூக்குவழியாகப் போகிற காற்று இனிமேல் பற்றாது என்று ஆரம்பித்தார். இன்றைக்கே மூச்சு நின்றுவிடப் போகிறது. அப்போது தொண்டைக்குள் குழாய் இறக்கி மெஷினோடு சேர்க்கலாம். சேர்த்தால் சில நாட்கள் தள்ளலாம். ஆனால் பேச முடியாது, பெரும்பாலும் மயக்கத்தில்தான் வைத்திருப்போம். மறுபடி அதைக் கழற்றுகிற நிலைமை வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. போடவா, வேண்டாமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இத்தனையும் காதில் விழுந்தாலும், அர்த்தத்துக்கு முன்னால் வினைச்சொல்லைத்தான் அவள் காது பிடித்தது. தொழில் புத்தி. மூச்சு நிற்பதைச் சொல்லும்போது டாக்டர் 'வில்' போடவில்லை. 'கோயிங் டு' போட்டார்.

வகுப்பில் இதற்கென்றே அவள் ஒரு நடிப்பு வைத்திருந்தாள். ஜன்னல் பக்கம் போய் அண்ணாந்து பார்ப்பாள். மேகம் கறுத்திருக்கிறது, காற்று குளிர்ந்துவிட்டது, எதிர் மாடிக்காரி கொடியில் கிடக்கிற துணியை அள்ளிக்கொண்டு ஓடுகிறாள். அப்போது 'இட் இஸ் கோயிங் டு ரெய்ன்'. கண்ணெதிரே அத்தாட்சி இருந்தால் அது. அத்தாட்சி இல்லை, ஆனாலும் பெய்யும் என்று மனசு சொல்கிறது என்றால் 'வில்'. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பெட்டியும் கட்டியாகிவிட்டது என்றால் 'ஐ ஆம் லீவிங்'. நாளை என்பது ஒன்றுதான், நாம் நின்று பார்க்கிற இடம்தான் வேறு வேறு என்று சொல்லி முடிப்பாள். பின் பெஞ்சில் உட்கார்ந்து ஹாலைப் பூட்டக் காத்திருக்கும் மெக்கானிக், வீட்டுக்குப் போகிற வழியில் வம்புக்கு இழுப்பார். "நாளைக்கு ஒருத்தன் வர்றதுக்கு வெள்ளைக்காரன் மூணு சட்டை தெச்சு வெச்சிருக்கானே மிஸ். நம்மகிட்ட ஒரே சட்டைதான். வருவேன்னா வருவேன், அவ்வளவுதான்." ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிற மனுஷன் இப்படிப் பேசலாமா? வாடிக்கையாளர் போன் செய்தால், காலை நீட்டிச் சாய்ந்தபடியே "வந்துட்டே இருக்கேன் சார்" என்கிறவர் அவர். அந்த வாக்கியத்தை அவள் வகுப்பில் எடுத்துக்காட்டாகவே சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள்.

டாக்டர் எந்த மேகத்தைப் பார்த்தார் என்று அவளுக்குத் தெரிந்தது. மெக்கானிக்கின் உதடும் நகமும் நேற்றிலிருந்தே நீலம் பாய்ந்திருந்தன.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "மூச்சு ரொம்ப வாங்குச்சுன்னா தொண்டையில ஒரு குழா போட்டு மெஷின் வெக்கலாமாம். போட்டுக்கறீங்களான்னு கேக்கறார்."

பாதியைத்தான் சொன்னாள். பேச முடியாது என்பதையும், கழற்ற முடியாது என்பதையும் விழுங்கிவிட்டாள்.

மெக்கானிக் யோசிக்கிற மாதிரியே தெரியவில்லை. "வேண்டாம்" என்றார்.

டாக்டர் காத்திருந்தார். அவள் வாயைத் திறந்தாள். மகள் ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள், ராத்திரி வந்து சேர்ந்துவிடுவாள், இவ்வளவு பெரிய விஷயத்தைக் குடும்பத்தோடு பேசாமல் சொல்ல முடியாதல்லவா, அவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்கிறார், சாயங்காலம் சொல்லிவிடுவார் என்று இங்கிலீஷில் அடுக்கினாள். இலக்கணம் ஒரு இடத்திலும் பிசகவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிந்துகொண்டேதான் மறைத்தாள்.

சரி, சாயங்காலச் சுற்றில் வந்து கேட்கிறேன் என்றார் டாக்டர். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள் என்று எழுந்தார். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால், வேண்டாம் என்று நோயாளி சொல்லாத பட்சத்தில், நாங்கள் குழாயை இறக்கிவிடுவோம். இங்கே அதுதான் முறை.

அவளுக்கு நெஞ்சு ஒரு தரம் அடித்துக்கொண்டது. பயத்தில் இல்லை. இனி ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலே போதும் என்று புரிந்ததால்.

"என்ன சொல்லிட்டுப் போறார்?" என்று மெக்கானிக் கேட்டார்.

"சரின்னுட்டார். நுரை காஞ்சு போச்சு பாருங்க, தண்ணி மாத்திட்டு வரேன்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தண்ணீர்க் குழாய் அறைக்கு எதிரிலேயே இருந்தது. அவள் அதைத் தாண்டிக் கடைசி ஜன்னல்வரை நடந்தாள், திரும்பி மாடிப்படிவரை வந்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள். இருப்புக் கொள்ளவில்லை. தள்ளுவண்டிக்காரர் வழிவிடச் சொன்னபோது வலது பக்கம் ஒதுங்குவதா இடது பக்கம் ஒதுங்குவதா என்று தெரியாமல் வண்டிக்கு நேர் முன்னாலேயே நின்றாள்.

கைப்பேசி அடித்தது. மாணவி ஒருத்தி. தையல் வேலை செய்துகொண்டே, விமான நிலையத்தில் ஒரு கடையில் விற்பனை வேலைக்காக இங்கிலீஷ் படிக்கிறவள். எந்தக் கேள்வி கேட்டாலும் விமான நிலையத்திலிருந்தே பதிலை ஆரம்பிப்பாள் என்பதால் வகுப்பில் அவளுக்கு ஏர்போர்ட் என்று பெயர்.

"மிஸ், சாரி மிஸ். ஆஸ்பத்திரியில இருக்கீங்கன்னு தெரியும். இன்டர்வியூவுக்கு உள்ள கூப்பிடப் போறாங்க. ஒரே ஒரு டவுட்டு."

"சொல்லு."

"அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்கன்னு கேட்டா, வில்லா, கோயிங் டுவா?"

"என்ன சொல்லப் போறே?"

"அந்தக் கடைக்கு நான் மேனேஜர்னு."

"அத எப்ப முடிவு பண்ணே? இப்பவா, முன்னாடியேவா?"

"முன்னாடியே மிஸ். எங்க வீட்டுக்காரர் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரே, அன்னிக்கே."

"அப்ப கோயிங் டு. அந்த நிமிஷம் தோணினதுன்னா வில்."

"எப்ப முடிவு பண்ணேன்னு அவங்களுக்கு எப்படி மிஸ் தெரியும்?"

"முகத்தப் பாத்தா தெரியும். போய் நல்லா பண்ணு."

வைத்த பிறகும் கைப்பேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள். அந்த நிமிஷம் தோன்றியது. ஆமாம், அதுதான். டாக்டர் கேட்டார், இவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஒரு நிமிஷத்தில் எடுத்த முடிவு அடுத்த நிமிஷம் மாறாதா? வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லி வைத்துவிட்டு, அடுத்த நிமிஷம் டூல்ஸ் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற ஆள்தானே இவர்? மகள் வந்து அப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் மனசு மாறத்தான் போகிறது. தான் செய்தது பொய் இல்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன மொழிபெயர்ப்பு. சட்டம் தெரிந்தவனுக்குத்தான் அதன் சந்துபொந்தும் தெரியும்.

அவளே மகளைக் கூப்பிட்டாள். ரயில் பெட்டியின் கூட்ட இரைச்சலுக்கு நடுவே மகள் கத்தினாள். "வந்துட்டே இருக்கேம்மா. வண்டி எங்கயோ நிக்குது. சிக்னலாம். அப்பா எப்படி இருக்கார்?"

"ஷேவ் பண்ணிக்கிட்டு இருக்கார்."

"அப்ப பரவால்லயா?"

"நீ வா" என்றாள்.

திரும்பி வந்தபோது மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். காய்ந்த நுரை கன்னத்தில் வெள்ளைப் பொருக்காக ஒட்டியிருந்தது. ஈரத் துணியால் துடைத்துப் புதிதாக நுரை பூசி, மூக்குக் குழாயின் கயிற்றைக் காதிலிருந்து எடுத்துச் சற்று மேலே தள்ளி, ரேசரை வைத்தாள். இரண்டு இழுப்பு இழுத்திருப்பாள்.

"மிஸ்."

"ம்."

"டாக்டர் கேட்டதுக்கு நான் என்ன சொன்னேன்?"

"வேண்டாம்னீங்க. வாய ஆட்டாதீங்க, கீறிடும்."

"ஒரு வார்த்தை." மூச்சை வாங்கிக்கொண்டார். "நீ என்னடான்னா கூட்ஸ் வண்டி மாதிரி விட்டுட்டே இருந்தே. பெட்டி எண்ணி மாளல."

அவள் ரேசரைத் தண்ணீரில் அலசினாள். தேவைக்கு மேல் அலசினாள். "இங்கிலீஷ்ல அப்படித்தான். வெடுக்குனு சொன்னா மரியாதை இல்ல."

"நோ. ஒரே எழுத்து. அது எனக்கே தெரியும்."

அவள் அவர் தாடையை ஒரு விரலால் தூக்கி, கழுத்துப் பக்கம் மழிக்க ஆரம்பித்தாள். கழுத்தில் ரேசர் இருந்தால் பேச மாட்டார் என்று நினைத்தாள். பேசாமல்தான் இருந்தார். ஆனால் கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. தொண்டைக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டது. அந்த இடத்தில்தான் குழாய் இறங்கும் என்று நினைத்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"ராத்திரி வந்துடுவா" என்றாள். "அதுவரைக்கும்தான் கேக்கறேன். அவ வந்து பாக்க வேண்டாமா? வெறும் ராத்திரி வரைக்கும்."

"குழா போட்டா பேச முடியுமா?"

அவள் துணியை மடித்தாள்.

"கேக்கறேன்ல. டாக்டர் அதையும் சொல்லியிருப்பாரே."

"முடியாது."

"கழட்ட?"

"அதுவும் கஷ்டம்தானாம்."

மெக்கானிக் தலையை ஆட்டிக்கொண்டார். ரிப்பேருக்கு வந்த பெட்டியைத் திறந்து பார்த்து, தான் நினைத்த இடத்தில்தான் கோளாறு என்று கண்டுகொண்டால் இப்படித்தான் ஆட்டுவார். "மெஷின மாட்டறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல மிஸ். கழட்ட யாருக்கும் கை வராது." கொஞ்ச நேரம் மூச்சுக்குக் காத்திருந்தார். "எங்க அண்ணனுக்குப் போட்டாங்களே. பாக்கப் போனேன்ல. கண்ணத் திறந்து என்னையே பாத்தான். ஏதோ சொல்லணும்னு பாத்தான். தண்ணியான்னு கேட்டேன், இல்லன்னு தலைய ஆட்டினான். கால் வலிக்குதான்னேன், இல்லன்னான். என்னென்னமோ கேட்டேன். எல்லாத்துக்கும் இல்ல, இல்ல. கடைசில அவனே கண்ண மூடிக்கிட்டான். என்ன சொல்ல வந்தான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

இதை அவர் அவளிடம் சொன்னதே இல்லை. அண்ணனைப் பார்த்துவிட்டு வந்த அன்று, பஸ்ஸில் ஏசி சரியில்லை, ஒரே தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அவள் தலைவலி மாத்திரை கொடுத்தாள்.

"அப்பவே முடிவு பண்ணிட்டீங்களா?"

"பஸ்ல வர்றப்பவே."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே."

"கேட்டா நீ ஒத்துக்குவியா?"

அவளுக்குச் சட்டென்று கோபம் வந்தது. நாலு பேருக்குப் பேசச் சொல்லிக்கொடுக்கிற தனக்கு, வீட்டுக்குள் இத்தனை வருஷமாக ஒருவர் மனசில் இருந்தது காதில் விழவில்லையே என்ற கோபம். அது அவர் மேல்தான் பாய்ந்தது. "உங்களுக்கென்ன, வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிடுவீங்க. எனக்காக ஒரு ராத்திரி இருக்கக் கூடாதா? கேட்டா அவ்வளவு பெரிய தப்பா?"

"இருக்கேனே" என்றார் மெக்கானிக். "இப்ப உன்கூடத்தானே இருக்கேன். மயக்கத்துல கிடந்தா அது இருக்கறதா?" கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். நகம் நீலம் பாய்ந்த விரல்கள், சூடே இல்லாமல் இருந்தன. "போய்ச் சொல்லிட்டு வா. சொன்னத மட்டும் சொல்லு. மேல போட்டுக் குடுக்காத."

மீதி இருந்த நுரையை வழித்து, முகத்தைத் துடைத்துவிட்டு அவள் எழுந்தாள்.

டாக்டர் அந்த மாடியில் இல்லை. நர்ஸிடம் கேட்டாள். கீழே வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார், சாயங்காலம்தான் வருவாரே, அப்போது சொல்லுங்களேன் என்றாள் நர்ஸ். அதற்குள் ஏதாவது ஆனால் என்று இவள் கேட்கவில்லை. நடந்தாள். லிஃப்டில் ஒரு கட்டிலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படியில் இறங்கினாள். கீழே வரிசையாக நாற்காலிகள், நாற்காலி நிறைய இருமல். டாக்டரின் அறைக்கதவைத் திறந்தால் வேறொரு டாக்டர். எக்ஸ்ரே பக்கம் போயிருக்கிறார் என்றார்கள். எக்ஸ்ரே பக்கம் போனால், இப்போதுதான் போனார் என்றார்கள். உட்காருங்கள், வந்துவிடுவார் என்று ஒரு பெண் நாற்காலியைக் காட்டினாள்.

அவள் அந்த நாற்காலியைப் பார்த்தாள். உட்காரலாம். தேடாமல் இல்லை, எல்லா இடத்திலும் தேடிவிட்டாள். மூன்று பேர் சாட்சி சொல்வார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற நேரத்தில் மேலே மணி அடித்து, நாலு பேர் ஓடி, தன் மேல் ஒரு குற்றமும் இல்லாமலே குழாய் இறங்கிவிடும். ராத்திரி மகள் வரும்போது அவர் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். காலைத் தொட்டால் சூடு இருக்கும். அவருக்கு எப்படியோ, தனக்கு அது போதும் என்று தோன்றியது. அந்த எண்ணம் அவ்வளவு இனிப்பாக இருந்தது. நாற்காலியின் கைப்பிடியில் கைகூட வைத்துவிட்டாள்.

இல்ல, இல்ல என்று தலையாட்டிக் கண்ணை மூடிக்கொண்ட அந்த அண்ணனை அவளுக்குத் தெரியும். கல்யாணத்தில் அவளுக்கு முதலில் பரிமாறியவர், வாயாடி, ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டார். அவள் கையை எடுத்துக்கொண்டு, பின்பக்கக் கதவைத் தள்ளினாள்.

அங்கே ஒரு தொட்டியில் டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். கடைசியில் வந்தது ஒன்றுதான். "நோ" என்றாள். பிறகு, காலையிலேயே அவர் அதைத்தான் சொன்னார், நான்தான் மாற்றிச் சொன்னேன் என்றாள். அவளுடைய இங்கிலீஷ் தடுக்கியது. இறந்தகாலம் வர வேண்டிய இடத்தில் நிகழ்காலம் வந்துவிட்டது, அவள் திருத்தவில்லை.

டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, வாருங்கள் என்று முன்னால் நடந்தார். அவள் பின்னாலேயே படியேறினாள். மேலே மணி எதுவும் அடிக்காமல் இருக்க வேண்டும் என்று, ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வேண்டிக்கொண்டதற்கு நேர்மாறாக, இப்போது வேண்டிக்கொண்டாள்.

மெக்கானிக் முழு முகமும் பளபளக்கச் சாய்ந்திருந்தார். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, காலையில் கேட்டதை முதலிலிருந்து கேட்டார். இந்த முறை அவள் எதையும் விடவில்லை. பேச முடியாது என்பதைச் சொன்னாள். மயக்கத்தில் வைத்திருப்பார்கள் என்பதைச் சொன்னாள். கழற்ற முடிகிற நாள் வரும் என்று டாக்டருக்கு நம்பிக்கை இல்லை என்பதையும் சொன்னாள். போடாவிட்டால் இன்றைக்கே முடிந்துவிடும் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

"வேண்டாம்" என்றார் மெக்கானிக்.

"நோ" என்றாள் அவள்.

டாக்டர் மெக்கானிக்கின் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். நாடி பார்த்த மாதிரித் தெரியவில்லை. திணறல் தெரியாமல் இருக்க மருந்து கொடுக்கிறேன், பயப்பட வேண்டாம் என்றார். அவள் அதையும் சொன்னாள். "பயமா?" என்று மெக்கானிக் சிரித்தார். "இந்த ரூம் ஏசிய யார் மாட்டினான்னு கேளு. தண்ணி வெளிய போற குழாய மேல் வாட்டத்துல வெச்சிருக்கான். இன்னும் பத்து நாள்ல கட்டில்ல ஒழுகும்." அவள் அதையும் மொழிபெயர்த்தாள். டாக்டர் அண்ணாந்து பார்த்துவிட்டு, நர்ஸிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு மகளைக் கூப்பிட்டு, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். கைப்பேசியை அவர் காதருகே தலையணையில் வைத்தாள். இனி அதிக நேரம் இல்லை என்று தெரிந்திருந்தும் அப்பாவும் மகளும் என்ன பெரிதாகப் பேசிவிடப் போகிறார்கள்? வண்டி கிளம்பிவிட்டதாம். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைத் திறக்க விடவில்லையாம். சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டாளாம். பொய்தான், குரலிலேயே தெரிந்தது. "அம்மா கூட சண்ட போடாத" என்றார். "அவ சொல்றது காதுல விழற மாதிரி இருந்துக்க. அவளும் நீ சொல்றதக் கேப்பா. இன்னிக்குப் பழகிட்டா." மகளுக்குப் புரியவில்லை, என்னப்பா என்றாள். அவருக்கு அதற்கு மேல் மூச்சு இல்லை. "வா" என்றார். மகள் அழ ஆரம்பிக்கிற சத்தம் தலையணைக்குள் கேட்டது. மெக்கானிக் அந்தப் பக்கமாகக் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு, சிக்னல் போகும்வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மருந்து ஏறிய பிறகு தூக்கம் வந்தது. மூச்சு நீண்டு, இடைவெளி விட்டு வந்தது. அவளால் உட்கார முடியவில்லை. போர்வையைச் சரி செய்தாள், ஜன்னல் திரையை இழுத்தாள், மறுபடி திறந்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். எதிர்க் கட்டடத்தில் ஒவ்வொரு ஜன்னலாக விளக்குப் போட ஆரம்பித்தார்கள். காதுக்குப் பின்னால் துளி நுரை காய்ந்திருந்ததைப் பார்த்துத் துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். குனிந்து துடைத்தாள். துடைத்து முடித்து நிமிர்ந்து, அடுத்த மூச்சு வரட்டும் என்று காத்திருந்தாள். நின்றுகொண்டே காத்திருந்தாள். பிறகு, நாளெல்லாம் இருப்புக் கொள்ளாதவள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நர்ஸ்தான் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். யாரும் ஓடி வரவில்லை. டாக்டர் நடந்துதான் வந்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், கண் இமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தார், நேரத்தைச் சொன்னார், நர்ஸ் எழுதிக்கொண்டாள். மூக்குக் குழாயை அவரே கழற்றி, சுருட்டி, ஓரமாக வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இத்தனை நாளில் முதல் தடவையாக, அவளைப் பார்த்துப் பேசினார்.

அவருக்குக் கஷ்டம் தெரியவில்லை என்றார். அவர் கேட்டபடியே நடந்தது என்றார். இந்த அறை இப்போதைக்கு வேறு யாருக்கும் தேவைப்படாது, உங்கள் மகள் வந்து பார்க்கும்வரை அவரை இங்கேயே வைத்திருப்போம் என்றார்.

அவள் கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்ததும் கட்டில் பக்கம் திரும்பினாள். தலையணைவரை குனிந்தாள்.

"டாக்டர் சொல்றார்" என்றாள். "உங்களுக்குக் கஷ்டம் தெரியலையாம். நீங்க கேட்டபடியே நடந்துச்சாம். ரூம் இப்போதைக்கு யாருக்கும் வேண்டாமாம். பொண்ணு வந்து பாக்கற வரைக்கும், உங்கள இங்கயே வெச்சிருப்பாங்களாம்."

நர்ஸ் பேனாவை மூடினாள். டாக்டர் எழுந்திருக்கவில்லை.